பனிநிலவுகளும் படைப்பின் எல்லையும்
பிற உலகங்களைப்பற்றிய கேள்வியின் வரலாறு நமக்குக் கற்பிப்பவை

முன்னுரை

2024ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலிருந்து ‘யூரோப்பா கிளிப்பர்’ என்னும் விண்கலம் ஏவப்பட்டது. வியாழன் கோளைச் சுற்றிவரும் யூரோப்பா என்னும் நிலவை ஆராய்வதே அதன் நோக்கமாகும். 2030ஆம் ஆண்டில் அது வியாழனைச் சென்றடையும் என எதிர்பார்க்கப்படுகிறது. அதற்கு முன்னரே, 2023 ஏப்ரல் 14இல், ஐரோப்பிய நாடுகள் இணைந்து அனுப்பிய ‘ஜூஸ்’ என்னும் மற்றொரு கலமும் அதே திசையில் புறப்பட்டுவிட்டது. இவ்விரண்டும் உயிரினங்களை நேரில் தேடிப் பிடிக்கச் செல்பவையல்ல. பனிக்கட்டியால் மூடப்பட்ட அந்நிலவுகளின் உள்ளே உயிர் வாழ்வதற்கேற்ற சூழ்நிலை உண்டா என்று அறியவே செல்கின்றன. எனினும் இச்செய்தியைப் படிக்கும் நம் சபை இளைஞர் ஒருவர் ஆயரிடம் வந்து, “பூமிக்கு அப்பாலும் உயிர் இருக்குமாயின் நமது நற்செய்தியின் நிலை என்ன?” என்று வினவுவாராயின், நாம் என்ன விடை கூறுவோம்?

இவ்வினா புதியதென்று எண்ணி நாம் அஞ்சவேண்டியதில்லை. எளியதென்று எண்ணி ஒதுக்கிவிடவும் கூடாது. எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திருச்சபையின் சிந்தனையாளர் இதனோடு போராடியிருக்கின்றனர். அவர்களிற் சிலர் தெளிவாகச் சிந்தித்தனர். சிலர் நல்ல நோக்கத்தோடு தவறான வாதங்களை எடுத்தாண்டனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, அதிலிருந்து இன்றைய அருட்பணிக்கு வேண்டிய சில பாடங்களைப் பெற்றுக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கடவுளின் வல்லமையா, கிறிஸ்துவின் தனித்தன்மையா?

இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் அரிஸ்டாட்டிலின் மெய்யியல் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது. உலகம் ஒன்றே, வேறோர் உலகம் இருத்தல் இயலாது என்பது அவருடைய கொள்கை. இதனைப் பின்பற்றியோர், முதற்காரணராகிய கடவுளாலும் பல உலகங்களைப் படைக்க முடியாது என்று கூறத் தலைப்பட்டனர். 1277ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் பாரிசு நகரப் பேராயராகிய எத்தியேன் தம்பியே கண்டனம் செய்த 219 கூற்றுகளுள் இதுவும் ஒன்று. பல உலகங்கள் உண்டென்று பேராயர் கூறவில்லை. கடவுளின் வல்லமைக்கு மனித அறிவு வரம்பு கட்டலாகாது என்பதே அவர் வற்புறுத்தியதாகும். இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றினும் மிக முக்கியமானது. கடவுள் எதைச் செய்திருக்கிறார் என்பது ஒன்று. அவர் எதைச் செய்ய இயலும் என்பது மற்றொன்று.

1440ஆம் ஆண்டில் கூசா நகர நிக்கோலாஸ், பிற விண்பொருள்களிலும் குடிகள் இருக்கக்கூடும் என்று எழுதினார். அவ்வாறு எழுதியமைக்காக அவர் தண்டிக்கப்படவில்லை. பின்னர் கர்தினாலாகவும் உயர்த்தப்பட்டார். அவர் காலத்தவரும் பிரான்சிஸ்குச் சபையைச் சேர்ந்தவருமாகிய வோரியோங் வில்லியம் (இறப்பு 1463) இன்னும் ஒருபடி மேலே சென்று நேரடியாக வினவினார்: இப்பூமியில் நிகழ்ந்த கிறிஸ்துவின் மரணம் வேறோர் உலகத்தாரை மீட்க வல்லதோ? வல்லதே, உலகங்கள் எண்ணிறந்தனவாயினும் அம்மரணம் போதுமானதே என்பது அவர் விடை. ஆனால் கிறிஸ்து வேறோர் உலகிற்குச் சென்று மீண்டும் மரிப்பது தகுதியன்று என்றும் அவர் கருதினார்.

சீர்திருத்தத் திருச்சபையில் இவ்வினாவை முதன்முதல் கூர்மையாக எதிர்கொண்டவர்களுள் லூத்தரின் உடன்பணியாளரான பிலிப்பு மெலாங்தன் குறிப்பிடத்தக்கவர். 1549இல் வெளியான தமது இயற்கையியல் நூலில், இறைமகன் ஒருவரே, அவர் ஒரே முறை இவ்வுலகிற்கு வந்து மரித்து உயிர்த்தார், ஆகவே பல உலகங்களைக் கற்பனை செய்தலாகாது என்று வாதிட்டார். அவர் காக்க விரும்பிய உண்மை எபிரெயர் 9ஆம் அதிகாரத்தில் வற்புறுத்தப்படும் உண்மையே. கிறிஸ்துவின் பலி ஒரே தரம் செலுத்தப்பட்டது. இதனை நாம் சிறிதும் விட்டுக்கொடுக்க இயலாது. ஆயினும், மீட்பைப்பற்றிய ஓர் உண்மையிலிருந்து வானியலைப்பற்றிய ஒரு முடிவை வருவிக்க முடியுமா? கல்வாரியின் நிகழ்ச்சி ஒரே முறை நிகழ்ந்தது என்பதனால், வியாழனைச் சுற்றி எத்தனை நிலவுகள் உள்ளன என்பதும் அவற்றில் என்ன உண்டு என்பதும் தீர்மானமாகிவிடுமா? மெலாங்தன் இவ்விடத்தில் தம் சான்றுக்கு அப்பாற் சென்றுவிட்டார் எனக் கூறுவதில் தவறில்லை.

2. தொலைநோக்கி எழுப்பிய கேள்வி

1610ஆம் ஆண்டு சனவரியில் கலிலேயோ தம் தொலைநோக்கியால் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். இன்று நாம் அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்றழைப்பவை அவையே. இச்செய்தி கேட்டு அதே ஆண்டில் மகிழ்ச்சியோடு மறுமொழி எழுதியவர் யோகான்னஸ் கெப்ளர். அவர் தூபிங்கன் பல்கலைக்கழகத்தில் லூத்தரன் திருச்சபையின் அருட்பணிக்கென இறையியல் பயின்றவர் என்பதை நம் மாணவர்கள் நினைவிற்கொள்வது நன்று. நம் நிலவு நமக்காகப் படைக்கப்பட்டதைப்போல வியாழனின் நிலவுகள் வியாழனில் வாழ்வோருக்காகவே படைக்கப்பட்டிருக்கவேண்டும் என்று அவர் கருதினார். அந்நிலவுகளை நம் கண்கள் காண இயலாதிருந்தனவே; அப்படியாயின் அவை யாருக்காக? இதுவே அவருடைய தருக்கம்.

படைக்கப்பட்ட ஒவ்வொன்றும் யாரேனும் ஒருவர் கண்டு பயன்கொள்வதற்கே படைக்கப்பட்டது என்னும் இவ்வெண்ணம் அடுத்த இருநூற்றைம்பது ஆண்டுகள் அறிஞர் உள்ளத்தை ஆட்கொண்டது. 1655இல் சனிக்கோளின் பெருநிலவாகிய டைட்டனைக் கண்டறிந்த டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், தமது மரணத்திற்குப்பின் 1698இல் வெளிவந்த நூலில், கோள்களில் அறிவுள்ள குடிகள் உண்டென்று விரிவாக வாதிட்டார். உயிருக்கு நீர் இன்றியமையாதது என்று உணர்ந்த அவர், வியாழனும் சனியும் கதிரவனுக்கு மிகத் தொலைவில் இருப்பதால் நம்முடைய நீர் அங்கு உறைந்துபோகும் என்பதையும் உணர்ந்தார். ஆகவே அங்குள்ள நீர் எளிதில் உறையாத வேறு தன்மையுடையதாக இருக்கவேண்டும் என ஊகித்தார்.

அவர் எழுப்பிய வினா மிகச் சரியானது. அதற்கு அவர் கண்ட விடையோ ஊகமே. உண்மையான விடை எவ்வாறு கிடைத்தது என்பதைப் பின்னர்க் காண்போம். அவர் பெயரையே தாங்கிய ஒரு கலம் 2005 சனவரி 14இல் டைட்டனில் இறங்கியது என்பதையும், கழித்தல் 179 பாகை செல்சியசு அளவிற் குளிர்ந்த அந்நிலவில் மீத்தேன் போன்றவை உறையாத ஏரிகளாய்த் தேங்கியிருப்பதைக் காசினி விண்கலம் கண்டறிந்தது என்பதையும் மட்டும் இங்கே குறிப்பிடுவோம்.

3. பெயினின் தாக்குதலும் சால்மர்சின் மறுமொழியும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிற உலகங்களில் குடிகள் உண்டென்பது கற்றோரிடையே ஏறத்தாழப் பொதுக் கருத்தாகிவிட்டது. அக்கருத்தையே கிறிஸ்தவத்திற்கு எதிரான படைக்கலமாகக் கையாண்டவர் தாமஸ் பெயின். 1794இல் வெளியிட்ட ‘பகுத்தறிவின் காலம்’ என்னும் நூலில், எண்ணற்ற உலகங்களைப் படைத்த கடவுள் அவை அனைத்தையும் விட்டுவிட்டு இச்சிறு பூமியில் வந்து மரித்தார் என்பது நம்பத்தக்கதன்று என எள்ளினார். இரு நம்பிக்கைகளையும் ஒருவர் ஒருங்கே கொள்ள இயலாது என்றும் சாதித்தார்.

இதற்கு மறுமொழி கூற முன்வந்தவர் ஸ்காத்லாந்து திருச்சபையின் ஆயர் தாமஸ் சால்மர்ஸ். கிளாஸ்கோ நகரின் டிரோன் ஆலயத்தில் வாரநாள்களில் அவர் ஆற்றிய வானியல் அருளுரைகளைக் கேட்க வணிகரும் அலுவலரும் தம் பணிகளை விட்டுத் திரண்டனர். 1817இல் அவை நூலாக வெளிவந்து மிகப் பரவலாகப் படிக்கப்பட்டன. பின்னாளில் இந்தியாவிற்கு வந்து கல்கத்தாவில் கல்விப்பணி ஆற்றிய அலெக்சாண்டர் டப் இவருடைய மாணவரேயாவார்.

சால்மர்ஸ் பிற உலகங்களை மறுக்கவில்லை. தொலைநோக்கி நமக்கு வானத்தின் பரப்பைக் காட்டியபோதே நுண்ணோக்கி ஒரு நீர்த்துளியில் உள்ள உயிர்க்கூட்டத்தையும் காட்டிற்று என்பதை அவர் நினைவூட்டினார். பெரியதைப் பேணுவதனால் சிறியதை மறந்துவிடுபவர் மனிதர், கடவுள் அத்தகையவரல்லர். தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச்சென்ற மேய்ப்பனின் உவமையை அவர் இங்குப் பொருத்திக் காட்டினார். அருள் அளவைப் பார்ப்பதில்லை என்னும் இவ்விடை இன்றும் வலிமை குன்றாதது. ஆனால் சால்மர்சும் ஒன்றை ஆராயாமலே ஏற்றுக்கொண்டார். பிற உலகங்களில் குடிகள் உண்டென்பதற்கு அக்காலத்தில் எவ்விதச் சான்றும் இருக்கவில்லை.

4. ஹியூவெல் காட்டிய நிதானம்

இக்குறையைச் சுட்டிக்காட்டியவர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியின் தலைவரும் ஆங்கிலத் திருச்சபையின் குருவுமாகிய வில்லியம் ஹியூவெல். 1833இல் எழுதிய நூலில் பிற உலகங்களைப்பற்றி ஆதரவாகப் பேசிய அவரே, 1853இல் தம் பெயரைக் குறிப்பிடாமல் வெளியிட்ட நூலில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

கடவுள் எதையும் வீணாகப் படையார். ஆகவே எந்த உலகமும் குடியின்றி இராது என்போருக்கு அவர் நிலவியலைக் காட்டி விடையளித்தார். நமது பூமியே மனிதன் தோன்றுவதற்கு முன் எண்ணிறந்த ஊழிகள் மனிதனின்றி இருந்ததன்றோ? காலத்தின் நீண்ட பரப்பில் பூமியை மனிதனின்றி விட்டுவைத்த கடவுள், விண்வெளியின் நீண்ட பரப்பிலும் அவ்வாறே விட்டுவைத்திருக்கலாமே? இது மிகக் கூர்மையான வாதம். மேலும் வியாழனின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியை ஒத்திருப்பதைக் கணித்து, அங்கு உயிர்கள் இருப்பினும் அவை எலும்பற்ற, கூழ்போன்ற நீர்வாழ் உயிர்களாகவே இருக்கக்கூடும் என்றும் எழுதினார். ஸ்காத்லாந்து இயற்பியலறிஞர் டேவிட் புரூஸ்டர் 1854இல் இதற்குக் கடுமையான மறுப்பு எழுதினார். உலகங்களை வெறுமையாகக் கருதுவது படைத்தவரின் ஞானத்தையே குறைத்துக் கூறுவதாகும் என்பது புரூஸ்டரின் உணர்வு.

இருவரும் உண்மையான விசுவாசிகள். எனினும் ஒருவர், கடவுள் இப்படித்தான் செய்திருக்கவேண்டும் என்று தொடங்கினார்; மற்றவர், கடவுள் உண்மையில் என்ன செய்திருக்கிறார் என்று பாறைகளையும் அளவுகளையும் பார்த்தார். ஹியூவெலும் மனிதனின் தனிச்சிறப்பைக் காக்கும் ஆவலில் சில இடங்களில் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆயினும் அவருடைய வழியே நாம் பின்பற்றத்தக்கது.

5. பனிக்கு அடியில் ஒரு கடல்

ஹைகன்சின் வினாவிற்கு இப்போது திரும்புவோம். கதிரவனின் ஒளி வியாழனருகே நமக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ 25இல் ஒரு பங்கே. அங்கு நீர் உறையாதிருப்பது எங்ஙனம்?

1979 மார்ச்சில் வாயேஜர் 1 என்னும் கலம் வியாழனைக் கடந்து சென்றது. அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே பீல், காசன், ரெனால்ட்ஸ் என்னும் மூன்று அறிஞர்கள், வியாழனின் ஈர்ப்பினால் அயோ நிலவின் உட்பகுதி உருகியிருக்கவேண்டும் எனக் கணித்து வெளியிட்டிருந்தனர். அவ்வாறே அங்கு எரிமலைகள் குமுறுவதைக் கலம் காட்டிற்று. நம் கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்கும் அதே ஓதவிசைதான் இதற்குக் காரணம். அயோ, யூரோப்பா, கானிமீட் ஆகிய மூன்றும் ஓர் ஒழுங்கிற் கட்டுண்டவை. கானிமீட் ஒருமுறை வியாழனைச் சுற்றும்போது யூரோப்பா இருமுறையும் அயோ நான்குமுறையும் சுற்றுகின்றன. இதனால் அவற்றின் பாதை முழுவட்டமாகாமல் சற்றே நீண்டிருக்கிறது. அருகில் வருகையில் மிகுதியாகவும் விலகுகையில் குறைவாகவும் இழுக்கப்பட்டு, பிசையப்படும் மாவைப்போல் உள்ளே வெப்பமுறுகின்றன.

யூரோப்பாவின் விட்டம் ஏறத்தாழ 3,120 கிலோமீட்டர். நம் நிலவைவிடச் சற்றுச் சிறியது. அதன் மேற்பரப்பு கடுங்குளிர்ப் பனிக்கட்டி. 1995 முதல் 2003 வரை வியாழனைச் சுற்றிய கலிலேயோ விண்கலம், யூரோப்பாவைச் சூழ்ந்த காந்தப்புலம் வியாழனின் காந்தப்புலத்திற்கேற்ப மாறிக்கொண்டே இருப்பதை அளந்தது. உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் ஒரு படலம் இருந்தாலன்றி இது நிகழாது. உப்புநீர்க்கடலே அதற்குத் தக்க விளக்கம். பூமியின் கடல்கள் அனைத்திலும் உள்ள நீரைப்போல் இருமடங்கு நீர் அங்கிருக்கலாம் என மதிப்பிடுகின்றனர்.

சனியின் நிலவாகிய என்செலடஸ் இன்னும் வியப்புக்குரியது. 1789இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த இதன் விட்டம் ஏறத்தாழ 500 கிலோமீட்டரே. 2005இல் காசினி விண்கலம் இதன் தென்முனைப் பிளவுகளினின்று நீராவியும் பனித்துகள்களும் விண்வெளியிற் பீறிட்டெழுவதைக் கண்டது. கலம் அப்பீறலினூடே பறந்து அதனைச் சோதித்தது. அதில் உப்பும் கரிமச் சேர்மங்களும் இருந்தன. ஹைட்ரஜன் வளி இருப்பது 2017இலும், பாஸ்பேட் இருப்பது 2023இலும் வெளியிடப்பட்டன. நம் பூமியில் ஒளியும் உயிர்வளியும் இன்றி, ஹைட்ரஜனையும் கரியமிலவாயுவையும் கொண்டே வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. 1977இல் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே ஆழ்கடலடியில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிச் செழித்திருந்த உயிர்க்கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டமையும், வெயில் படாத இருளில் உயிரைத் தேடலாம் என்னும் துணிவை அறிஞருக்கு அளித்தது.

ஆனால் ஒன்றைத் திட்டமாகக் கூறவேண்டும். இதுவரை பூமிக்கு வெளியே எந்த உயிரும் கண்டுபிடிக்கப்படவில்லை. உயிர் வாழத்தக்க வீடு இருப்பது வேறு. வீட்டில் ஆள் இருப்பது வேறு.

6. கேள்வி மாறிவிட்டது

இங்கே நாம் கவனிக்கவேண்டிய திருப்பம் ஒன்று உண்டு. கெப்ளர் முதல் சால்மர்ஸ் வரை அனைவரும் கற்பனை செய்தது வானத்தை அண்ணாந்து பார்க்கும் அறிவுள்ள குடிகளை. இருபதாம் நூற்றாண்டிலும், மாஸ்கல் 1956இல் மனுவுருவேற்பு ஒருமுறைக்கு மேலும் நிகழ்வது இயலாததன்று என்று ஆராய்ந்ததும், பவுல் டில்லிக் 1957இல் மனுவுருவேற்பு இம்மானிட வரலாற்றிற்குரியது, பிற உலகங்களில் கடவுள் செயற்படும் வழிகளை அது அடைத்துவிடுவதில்லை என்று எழுதியதும் அத்தகைய குடிகளை மனத்திற்கொண்டே. ஆனால் பனிநிலவுகளில் இன்று தேடப்படுவது பாவம் செய்யவோ மன்னிப்பை நாடவோ இயலாத நுண்ணுயிரே. ஆகவே இவ்வினா கிறிஸ்தியலைவிடப் படைப்பைப்பற்றிய கோட்பாட்டையே முதன்மையாகத் தொடுகிறது.

அக்கோட்பாட்டிற்கு நம் திருமறையில் ஆழ்ந்த ஊற்றுகள் உள்ளன. யோபு 38ஆம் அதிகாரத்தில், மனிதரே இல்லாத வனாந்தரத்தில் மழையைப் பொழியச் செய்பவர் யார் என்று கடவுள் யோபுவை வினவுகிறார். அம்மழையால் யோபுவிற்கு யாதொரு பயனும் இல்லை. அதனைக் காண ஒருவரும் இல்லை. ஆயினும் அது பெய்கிறது. 104ஆம் திருப்பாடலோ மனிதர் எண்ண இயலாத கடல்வாழ் உயிர்களைக் கடவுளின் கைவேலையாகப் போற்றுகிறது. நமக்குப் பயன்படாதவற்றிலும் கடவுள் மகிழ்கிறார் என்பதைத் திருமறை அன்றே கூறியிருக்க, காண்பார் இல்லாத நிலவு எதற்கு என்று கெப்ளரும் புரூஸ்டரும் திகைத்திருக்கவேண்டியதில்லை. எவரும் காணாத ஒரு கடல் ஊழிகாலமாக இருளில் அலைந்துகொண்டிருப்பின், அதுவும் வீணன்று.

இதிலிருந்து அருளுரையாளருக்கு இரண்டு எச்சரிக்கைகள் பிறக்கின்றன. பூமியில் மட்டுமே உயிர் உண்டு, அதுவே கடவுள் இருப்பதற்குச் சான்று என்று பிரசங்கிப்போர், விசுவாசத்தை அறியாமையின்மேல் கட்டுகின்றனர். நாளை ஒரு விண்கலம் ஒரு துளி நீரில் உயிரைக் கண்டால் அவ்வீடு விழும். அதன் கேடு பிரசங்கித்தவரைவிடக் கேட்ட இளைஞரையே மிகுதியாகத் தாக்கும். மாறாக, எங்கும் உயிர் நிறைந்திருத்தல் கடவுளின் பெருமைக்கு அவசியம் என்று பேசுவோரும் அதே தவற்றை மறுபுறமாகச் செய்கின்றனர். அக்கடல்கள் வெறுமையாயிருப்பதாகத் தெரியவந்தால் அவர்கள் என்ன கூறுவர்? கொலோசெயர் 1ஆம் அதிகாரம் பூலோகத்திலும் பரலோகத்திலும் உள்ள யாவும் கிறிஸ்துவின் மூலமாய் ஒப்புரவாக்கப்படுவதாகக் கூறுகிறது. அந்த ‘யாவும்’ என்னும் சொல்லுக்குள் அடங்குபவை எவையெவை என்ற பட்டியலைத் தூய பவுல் நமக்குத் தரவில்லை.

முடிவுரை

இறுதியாக ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். 2003 செப்டம்பர் 21இல், எரிபொருள் தீருந்தறுவாயில் இருந்த கலிலேயோ கலத்தை அறிஞர்கள் வேண்டுமென்றே வியாழனுக்குள் செலுத்தி அழித்தனர். கட்டுப்பாடின்றித் திரிந்து யூரோப்பாவில் மோதினால், பூமியிலிருந்து அதில் ஒட்டிச்சென்ற நுண்ணுயிர்கள் அங்குள்ள கடலைக் கெடுத்துவிடலாம் என்று அஞ்சினர். 2017 செப்டம்பர் 15இல் காசினியும் இதே காரணத்திற்காகச் சனிக்குள் செலுத்தப்பட்டது. பிற விண்பொருள்களைத் தீங்கான முறையில் மாசுபடுத்தலாகாது என 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை விதிக்கிறது.

அங்கு உயிர் உண்டா என்பது ஒருவருக்கும் தெரியாது. இருப்பினும், ஒருவேளை இருக்கலாம் என்பதற்காகவே, நெடுங்காலம் உழைத்துச் செய்த கலங்களை மனிதர் தம் கையாலேயே அழித்தனர். மனித இனம் புதிய கரைகளைக் கண்டபோதெல்லாம் அங்கு வாழ்ந்தோருக்கும் உயிர்களுக்கும் செய்ததை நினைத்தால், இது எளிய செயலன்று. படைப்பின்மேல் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட ஆளுகை பேணுதலே என்று நாம் நெடுநாளாகப் போதித்து வருகிறோம். காணாத ஒரு நுண்ணுயிருக்காகக் காட்டப்பட்ட இவ்வடக்கத்தை, நாம் நாள்தோறும் காணும் ஆறுகளிலும் குளங்களிலும் வாழும் உயிர்களுக்குக் காட்டுகிறோமா?

எனவே, அவ்விளைஞர் நம்மிடம் வரும்போது நாம் கூறத்தக்க விடை இதுவே: அங்கு உயிர் உண்டா என்பதை ஆய்வு கூறட்டும், நாம் பொறுத்திருப்போம். உண்டெனில், அதனைப் படைத்தவர் நாம் அறிந்தவரே. இல்லையெனில், மனிதரில்லா நிலத்தில் மழை பெய்விப்பவரும் அவரே. இரண்டில் எதுவாயினும், கல்வாரியில் நமக்கென நிகழ்ந்தது நிகழ்ந்ததாகவே இருக்கும்.